எல்டர்பெர்ரிக்கு வந்த சோதனை

வீட்டு வேலியோரமா ஒரு எல்டர்பெர்ரி செடி வச்சிருந்தா குத்தமா? 18ஆம் நூற்றாண்டுல, போர்ச்சுகலோட டூரோ ஆத்துப் பள்ளத்தாக்குல குத்தம்தாங்க!

போர்ட் ஒயின் பிறந்த ஊர் அது. முக்கியமா வாங்கினவங்க இங்கிலாந்துக்காரங்க. ஒயின் நல்லா கருஞ்சிவப்பா இருந்தாதான் அவங்களுக்குப் பிடிக்கும். வெளிறிப்போன சரக்குல எல்டர்பெர்ரி பழத்தைப் பிழிஞ்சு கலந்துட்டாங்க நம்ம ஆளுங்க (எல்லா ஊர்லயும் இருக்காங்களே!). நாவப்பழம் மாதிரி அழுத்தமான சாயம் அது.

கலப்படம்னு பேர் கெட்டு, விலையும் சரிஞ்சுது. 1755 லிஸ்பன் நிலநடுக்கத்துக்கு அப்புறம் நாட்டையே கையில வச்சிருந்த அமைச்சர் பொம்பால், 1756ல டூரோ ஒயினுக்குன்னே ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். திராட்சை நிலத்துக்கு எல்லைக்கல் நட்டாங்க. கூடவே இன்னொரு உத்தரவு: அந்த வட்டாரத்துல இருக்கிற எல்டர்பெர்ரி செடியை எல்லாம் பிடுங்கணும். கலந்தவன் யாரோ, தண்டனை செடிக்கு! பூவைக் காயவச்சு சளிக்குக் கஷாயம் போட்டவங்க என்ன பண்ணியிருப்பாங்களோ...

ஆனா குச்சியை ஒடிச்சு ஈரமண்ணுல சொருகினாலே வேர் விடுற செடி இது. பறவை எச்சத்துலயும் முளைக்கும். 1844ல, அதாவது கிட்டத்தட்ட 90 வருஷம் கழிச்சு, ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர்ங்கிற ஒயின் வியாபாரி துண்டுப் பிரசுரம் போட்டு அதே கலப்படத்தைத் திட்டித் தீர்க்கிறார்!

இன்னிக்கு டூரோவோட கிளை நதியான வரோசா பள்ளத்தாக்குல விவசாயிங்க இதையே பயிரா வளர்த்து ஏற்றுமதி பண்றாங்க. எங்கயாவது பழம் கிடைச்சா பச்சையா மட்டும் தின்னுடாதீங்க. வேகவைக்கணும், இல்லைன்னா வயித்தைப் புரட்டிடும்.