மெர்சேன் சொன்ன 67

அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதிலிருந்து ஒன்றைக் கழித்தால் நமக்குக் கிடைப்பது 147573952589676412927. இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணைப் பற்றிய முழு உண்மை வெளிப்பட 259 ஆண்டுகள் ஆயின.

தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது பகா எண்; மற்றவை பகு எண்கள் என்று நாம் பள்ளியில் கற்றோம். 1644-இல் மாரின் மெர்சேன் என்னும் பிரெஞ்சுத் துறவி, இவ்வாறு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழிக்கும்போது, 257 வரையிலான அடுக்குகளுள் பதினொன்றுக்கே பகா எண் கிடைக்கும் என்று எழுதினார். அப்பட்டியலில் 67 இடம்பெற்றிருந்தது. கூற்றுக்கு அவர் நிறுவல் தரவில்லை. ஆயினும் தெக்கார்த், ஃபெர்மா முதலிய அறிஞர்களோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர் அவர். அவ்வளவு பெரிய எண்களைச் சோதித்துப் பார்க்கும் வழியும் அன்று இல்லை. சொல் நிலைத்தது.

232 ஆண்டுகள் கழித்து, 1876-இல், எத்வார் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் தாம் கண்ட புதிய முறையால் இது பகு எண்ணே என்று காட்டினார். ஆனால் அம்முறை வகுத்திகளைத் தரவில்லை. வீட்டுக்குள் திருடன் இருப்பது உறுதியாயிற்று. எந்த அறையில் என்பது தெரியவில்லை. ஒன்றை அறிவதில் இப்படியும் இரு நிலைகள் உண்டு என்பது நம்மை வியக்க வைக்கிறது.

தேடலுக்கு ஒரு துணை இருந்தது. இவ்வெண்ணின் வகுத்தி எதுவாயினும், அதை 134-ஆல் வகுத்தால் மீதி ஒன்றாகவே இருக்கும். ஆனால் அத்தகைய எண்களை 135, 269, 403 என்று வரிசையாக எழுதிச் சென்றால், வேண்டிய வகுத்தி நிற்பது 14,45,580-ஆவது இடத்தில்! ஃபிராங்க் நெல்சன் கோல் என்னும் அமெரிக்கர் மேலும் பல நிபந்தனைகளால் சலித்துச் சலித்து அதனைக் கண்டடைந்தார்.

1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். ஈ. டி. பெல் பிற்காலத்தில் எழுதியபடி, கோல் ஒரு சொல்லும் பேசவில்லை. கரும்பலகையில் ஒருபுறம் இரண்டின் அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தார். மறுபுறம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரண்டும் ஒன்றாகவே அமைந்தன. அரங்கு கைதட்டியது. எவ்வளவு காலம் பிடித்தது என்று பின்னர்க் கேட்டபோது, மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். கதையில் மிகை இருக்கலாம், பெருக்கலில் இல்லை.

மெர்சேன் பட்டியலில் 257-உம் பிழை. 61, 89, 107 ஆகியன விடுபட்டிருந்தன. என்றாலும் இவ்வகை எண்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. கேள்வியை எழுப்பியவருக்கு வரலாறு தரும் மரியாதை அது.

பெருக்குவது எளிது, பெருக்கி வந்ததைப் பிரிப்பது அரிது. 1977-இல் உருவான ஆர்.எஸ்.ஏ. மறையீட்டு முறை இவ்வுண்மையின் மீதே நிற்கிறது. கோலின் எண்ணை இன்றைய கணினி நொடியில் பிரித்துவிடும். பல நூறு இலக்கங்கள் கொண்ட எண்களின் முன் அதுவும் திகைக்கிறது.

தாளும் எழுதுகோலும் கொண்டு அமரும் பள்ளி மாணவர் எவரும் கோலின் பெருக்கலைச் சரிபார்த்துவிடலாம். மெர்சேனை உலகம் நம்ப வேண்டியிருந்தது. கோலை நாம் நம்ப வேண்டியதில்லை.