நல்ல பிள்ளை அல்லாத கதாநாயகர்கள்

இளம் வயதினருக்கென்று எழுதும் கதைகளில் ஒரு பழைய சம்பிரதாயம் உண்டு. பையன் முதல் அத்தியாயத்தில் தப்புச் செய்வான். கடைசி அத்தியாயத்தில் பெரியவர் ஒருவர் புத்தி சொல்லுவார். பையன் கண்ணீர் விட்டுத் திருந்திவிடுவான். படிக்கிற பையன் மட்டும் இருந்தபடியே இருப்பான்! அமெரிக்காவில் இந்தச் சம்பிரதாயம் உடைந்த கதை சுவாரஸ்யமானது.

1951-இல் ஜே. டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' என்ற நாவல் வெளிவந்தது. அதன் நாயகன் ஹோல்டன், பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கப்பட்டவன். பொய் சொல்லுகிறான், சிகரெட் பிடிக்கிறான், வாயைத் திறந்தால் வசவு. நியூயார்க் நகரத்தில் போக்கிடம் தெரியாமல் அலைகிறான். சாலிஞ்சர் பெரியவர்களுக்காகத்தான் எழுதினார். பிள்ளைகளோ அதைத் தங்கள் புத்தகமாக்கிக்கொண்டார்கள். பெற்றோர் பதறினார்கள். 1960-இல் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில், இதை வகுப்பில் படிக்கக் கொடுத்த ஆசிரியர் ஒருவருக்கு வேலையே போயிற்று. வேலை பிறகு திரும்பக் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், அதே டல்சாவில், சில வருஷங்களுக்குள், ஹிண்டன் என்ற பள்ளி மாணவி தானே ஒரு நாவல் எழுத உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு வயது 15. தன் வயதுக்காரர்களைப் பற்றி உள்ளபடி சொல்லும் கதை எதுவும் அவளுக்கு அகப்படவில்லை. பள்ளிக்கூட நடனத்துக்கு யார் யாரை அழைத்துப் போவது என்ற கதைகள்தான் இருந்தன. அவள் கண்ட உலகத்திலோ ஏழைப் பையன்களும் பணக்காரப் பையன்களும் கோஷ்டி சேர்ந்து அடித்துக்கொண்டார்கள்.

அந்த நாவல், 'தி அவுட்சைடர்ஸ்', 1967-இல் வெளியாயிற்று. எழுதியது பெண் என்று தெரிந்தால் ஆண்கள் மதிக்கமாட்டார்களோ என்று எஸ். இ. ஹிண்டன் என்றே அச்சிட்டார்கள்.

அதில் ஜானி என்று ஒரு சாதுப் பையன். நண்பனைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்லப் பார்க்கிறவனை அவன் கத்தியால் குத்திவிடுகிறான். குத்துப்பட்டவன் செத்துப்போகிறான். அதே ஜானி பின்னால் தீப்பற்றிய கட்டடத்துக்குள் நுழைந்து குழந்தைகளைக் காப்பாற்றுகிறான். அந்தக் காயத்திலேயே இறக்கிறான். அவன் நல்லவனா, கெட்டவனா? தீர்ப்புச் சொல்ல எந்தப் பெரியவரும் வருவதில்லை. அது வாசகன் தலையில் விழுகிறது.

இப்படிப்பட்ட கதைகளைப் படித்துப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று அஞ்சுகிறவர்கள் இன்றும் உண்டு. தப்பைக் கற்றுக்கொள்ளப் புத்தகம் எதற்கு? அது தெருவிலே இலவசமாகக் கிடைக்கிறது. தப்புச் செய்தவன் அன்று இரவு என்ன நினைத்துக்கொண்டு படுத்திருந்தான் என்பது தெருவில் கிடைக்காது. அதற்குத்தான் கதை வேண்டும்.

அமெரிக்க நூலகச் சங்கம் 2000-இல் இளைஞர் இலக்கியத்துக்கென்று பிரின்ட்ஸ் பரிசை முதன்முதலாக வழங்கியது. முதல் பரிசு வால்டர் டீன் மையர்ஸின் 'மான்ஸ்டர்' நாவலுக்குப் போயிற்று. அதன் நாயகன், கொலை வழக்கில் கூண்டிலே நிற்கும் 16 வயதுப் பையன். டல்சாவில் ஆசிரியரின் வேலை போய் அப்போது நாற்பது வருஷங்கள் ஆகியிருந்தன.