தோலில் நிலைத்த பெயர்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கல்முனையில் எங்கள் வீட்டினுள்ளும் கடல் புகுந்தது. வாப்பாவின் குர்ஆன் பிரதியில் தாள்களை மீட்டோம், தோலட்டை பாழானது. பின்னர் அவர் பெயருக்குப் பித்தளை அச்சு வெட்டுவித்துப் புதிய தோலட்டையில் பதித்தோம். அழுத்தம் நீங்கியதும் எழுத்துகள் மங்கின.

காரணம் வரலாற்றில் இருந்தது. 15ஆம் நூற்றாண்டிலேயே பாரசீக நூற்கட்டுநர்கள் உலோக அச்சுகளால் அட்டையின் நடுப்பதக்கத்தைப் பதித்தனர். அவர்கள் கையாண்டது தாவரச் சாற்றில் பதனிட்ட தோல். தமிழகத்தில் அதற்கு ஆவாரம்பட்டை உதவியது. அத்தகைய தோல் ஈரத்தில் இளகும். உலர்ந்ததும் தடத்தை இறுகப் பற்றும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய குரோமியப் பதனீட்டுத் தோலோ மீளும் இயல்புடையது.

பட்டையில் பதனிட்ட தோலைத் தேடிப் பெற்று நனைத்தோம். ஈரம் உள்ளிறங்கி, மேற்பரப்பு பழைய நிறத்துக்குத் திரும்பும்வரை காத்திருந்து அழுத்தினோம். வாப்பாவின் பெயர் தெளிவாகப் பதிந்தது.