மூன்றாறு முதல் குட்டநாடு வரை: ஒரு சுற்றுலாப் பாதையின் மொழி வரலாறு

கொச்சியில் தொடங்கி மூணாறு, தேக்கடி, ஆலப்புழை என்று சென்று மீண்டும் கொச்சிக்கே திரும்பும் சுற்றுலாப் பாதை நம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இன்று பழக்கமான ஒன்று. மலையில் இரண்டு நாள், வனவிலங்குக் காப்பகத்தில் ஒரு நாள், காயலில் படகு வீட்டில் ஓர் இரவு. பள்ளி விடுமுறையில் ஆசிரியர் சிலரோடும் மாணவர் சிலரோடும் நாமும் அப்பாதையில் சென்று வந்தோம். பயணக் கையேட்டில் அருவியும் யானையும் படகும் இருந்தன. அந்த நிலத்தின் மேல் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் படிந்துவரும் தமிழ் இல்லை. கையேடு விட்டதை நிரப்புவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் ஊர்ப்பெயர். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டலை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடம் ஆதலின் அவ்வூர் மூன்றாறு. ஆனால் தமிழர் அதனை 'மூணாறு' என்றும் மலையாளிகள் 'மூன்னார்' என்றும் வழங்குகின்றனர். மூக்கொலியை அடுத்து வந்த றகர வல்லினம் மலையாளத்தில் மூக்கொலியாகவே மாறி இரட்டித்தது. ஒன்று 'ஒந்நு' என்பது போலவும், குன்று 'குந்நு' என்பது போலவும், மூன்று 'மூந்நு' என்று ஒலிக்கும் நிலை எய்தியது. பேச்சுத் தமிழிலோ நெட்டுயிரை அடுத்து அது ஒற்றை ணகரமாகி 'மூணு' ஆயிற்று. ஆக, ஒரே ஊரின் இரு பெயர்கள் இரு மொழிகளும் பிரிந்த வழியைக் காட்டுகின்றன. ஏ. ஆர். ராஜராஜவர்மாவின் 'கேரளபாணினீயம்' இவ்வகை மாற்றங்களை ஆறு நெறிகளாக வகுத்துக் காட்டியது. மூக்கொலியின் மிகைப் பரவலே அவற்றுள் முதலாவது. வகுப்பறையில் இதனைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர், மூணாற்றுப் பேருந்து நிலையத்தின் பெயர்ப்பலகைகளைப் படம் எடுத்துக் காட்டினாலே போதும்.

மூணாற்றின் தேயிலை வரலாறு 1877இல் தொடங்குகிறது. அவ்வாண்டு பூஞ்ஞாற்று அரச குடும்பத்தினரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். சின்கோனா, காப்பி, ஏலம் என்று பலவும் பயிரிட்டுப் பார்த்தபின் தேயிலையே நிலைத்தது. காட்டை வெட்டியவர்களும் பாதை போட்டவர்களும் கொழுந்து பறித்தவர்களும் பெரும்பாலும் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து போடிநாயக்கனூர் வழியாக மலையேறியவர்கள். மூணாற்றிலிருந்து 'டாப் ஸ்டேஷன்' வரை 1908 முதல் ஒரு சிறு இருப்புப்பாதை ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கீழே குரங்கணிப் பக்கம் இறங்கிப் போடி சென்றன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அடியோடு கொண்டுபோயிற்று. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால் கேரளத்தார் அதனைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்றே இன்றும் சொல்கின்றனர்.

நம் மாணவர்களை வியக்கவைத்தவை அருவிகள் அல்ல, சொற்கள். தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் ஓட்டு வீட்டு வரிசையொன்றின் முன்னே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "இந்த லயத்துலதான் நான் பொறந்தேன்" என்றார். பேராக்கில் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு அச்சொல் உடம்பில் பட்டது போலிருந்தது. கோலாலம்பூரில் அடுக்குமாடிகளில் வளர்ந்த மாணவர்களோ அதனைத் தாத்தா பாட்டி வாயால் மட்டுமே கேட்டிருந்தனர். ஆங்கில 'லைன்' என்பதே லயன் ஆகி, லயம் ஆயிற்று. ஈற்று னகரம் மகரமாவது தமிழுக்குப் புதிதன்று. நிலம் நிலன் என்றும், நலம் நலன் என்றும் நின்று பொருள் மாறாதிருத்தலை இலக்கணிகள் ஈற்றுப்போலி என்றனர். எழுத்தறியாத் தொழிலாளர் அந்நியச் சொல்லைத் தம் மொழியின் பழைய விதிக்கு உட்படுத்தியே ஏற்றுக்கொண்டனர். குதிரை கட்டும் 'லாயம்' அதற்கு மிக அருகில் ஒலிப்பதை மட்டும் மறக்க இயலவில்லை.

'கங்காணி' இதனினும் பழைய சொல். சோழர் கல்வெட்டுகளில் கோயில் அறக்கட்டளைகளை மேற்பார்த்தவர் 'கண்காணி' எனப்பட்டார். 'ஸ்ரீமாகேச்வரக் கண்காணி' என்னும் தொடர் கல்வெட்டு பயில்வோர் அனைவரும் அறிந்தது. கோயிற் பொருளைக் காத்தவரின் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊரிலிருந்து ஆள் கட்டி வருபவருக்கும் தோட்டத்தில் அவர்களை வேலை வாங்குபவருக்கும் உரியதாயிற்று. இலங்கை, மலாயா, ஆனைமலை, மூணாறு என்று எல்லாத் திசைகளிலும் அச்சொல் ஒரே முன்பணக் கடனோடு பயணம் செய்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் 'பெரட்டு' என்பதும் அவ்வாறே. ஆங்கிலப் 'பரேடு' என்பதன் திரிபாக அதனைக் கொள்வர். இவற்றைத் 'தோட்டத்துத் தமிழ்' என்று எள்ளும் வழக்கம் நம் பள்ளிகளில் ஒரு காலத்தில் இருந்தது. நாமும் அதற்காக வகுப்பில் எழுந்து நின்றவர்களுள் ஒருவர். கடல் கடந்தும் மலை கடந்தும் ஒன்றாக நிற்கும் ஒரு கலைச்சொற்றொகுதியைத் திருத்த வேண்டிய பிழையாக எண்ணியது அன்றைய அறியாமை.

மாணவி ஒருவர் அம்மூதாட்டியிடம், "பாட்டி, உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று வினவினார். "கழுகுமலைப் பக்கம்மா" என்று விடை வந்தது. சற்று முன்புதான் அந்த லயத்திலேயே பிறந்ததாகச் சொல்லியிருந்தார். கழுகுமலைக்கு எத்தனை முறை போயிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, இரண்டு முறை, இரண்டும் சாவு வீடு என்றார்.

அந்த விடையில் ஓர் அரசியல் வரலாறும் அடங்கியுள்ளது. 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு அவற்றுக்காகப் போராடியது. தோட்டத் தொழிலாளர் நிலையான குடிகள் அல்லர், வந்து போகும் மக்கள் என்னும் வாதம் அப்போது எதிர்த்தரப்பில் வலுவாக முன்வைக்கப்பட்டது. எந்த மாநிலத்துக்கு எந்த வட்டம் உரியது என்று இங்கே நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. அணையும் ஆறும் ஏலமும் தேயிலையும் அந்த வழக்கில் மொழிக்கு இணையாகவே எடைபோடப்பட்டன. ஆனால் 'வந்து போகும் மக்கள்' என்னும் தொடரை மட்டும் விடாது பற்றிக்கொள்ள வேண்டும். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோதும், 1969ஐ ஒட்டி நம் நாட்டில் குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர் வேலை உரிமத்துக்கு அலைந்தபோதும் அத்தொடரின் நிழலே அவர்கள் மேல் விழுந்தது. மூன்று தலைமுறை ஓரிடத்தில் உழைத்தவர் 'வந்து போகிறவர்' ஆவது எங்ஙனம் என்று மாணவர்கள் கேட்டனர். தோட்டக் கணக்கேட்டில் அவர் பெயர் கூலியின் கீழ் இருந்தது, நிலத்தின் கீழ் இல்லை என்பதே நாம் அன்று சொன்ன விடை.

2015 செப்டம்பரில் அம்மலையில் பெண் தொழிலாளர் ஒரு வேலைநிறுத்தம் நடத்தினர். 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் அருகே விடவில்லை. தம் அமைப்புக்குப் 'பொம்பிளை ஒருமை' என்று பெயரிட்டனர். பேச்சுத் தமிழின் பொம்பிளையும், மலையாளத்தில் ஒற்றுமையைக் குறிக்கும் ஒருமையும் அங்கே கைகோத்தன. நம் இலக்கண வகுப்பில் ஒருமை என்றால் பன்மைக்கு மறுதலை. பல்லாயிரம் பெண்கள் கூடித் தம்மை ஒருமை என்றது கண்டு மொழியியலார் புன்னகைக்கலாம். போனஸ் பழைய அளவுக்குத் திரும்பியது.

இரவிகுளம் தேசியப் பூங்கா 1978இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. ஆனைமுடி அதனுள் 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அங்கு மேயும் வரையாட்டின் பெயரில் 'வரை' என்னும் மலைப்பெயர் இன்னும் உயிரோடு உள்ளது. சங்கப் பாடல்களின் 'வருடை' இவ்விலங்கே என்று அறிஞர் பலர் கொள்வர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது. நாம் சென்றபோது புதர் மட்டுமே. இக்காடுகளின் பழங்குடியினரான முதுவர், மதுரையிலிருந்து முதுகில் சுமந்து மலையேறியவர்களின் வழிவந்தோம் எனத் தம் மரபுக் கதையில் கூறுகின்றனர். அவர்தம் பேச்சு தமிழோடு நெருங்கிய உறவுடையது.

பூங்காவைத் தாண்டிய பள்ளத்தாக்கில் பெட்டிமுடி உள்ளது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டனர். அவர்களுள் பலரின் வேர் தூத்துக்குடி மாவட்டக் கயத்தாற்றுப் பக்கம். சுற்றுலா ஊர்திகள் வரையாடு காண அந்தத் திசையில்தான் செல்கின்றன. நம் வழிகாட்டி அப்பெயரைச் சொல்லவில்லை. நாமே கேட்டபின் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

தேக்கடியில் படகேறும் பயணிகள் காணும் ஏரி இயற்கையானதன்று. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாயிற்று. ஜான் பென்னிகுயிக் தலைமையில் எழுந்த முல்லைப்பெரியாறு அணை 1895இல் நிறைவுற்றது. மேற்கே கடலுக்கு ஓடிய நீர் சுரங்கவழியே கிழக்கே திரும்பி வைகைப் படுகையை நனைத்தது. நீரில் இன்றும் கருகிய தூண்களாக நிற்பவை அன்று மூழ்கிய காட்டின் மரங்கள். அந்நீரை நம்பி வாழும் தேனிப் பகுதி உழவர் பென்னிகுயிக்கின் பெயரால் பொங்கல் வைக்கின்றனர். அணையின் கீழே வாழ்வோர் அதன் முதுமையை எண்ணி அஞ்சுகின்றனர். இரண்டு உணர்வும் உண்மையானவை.

அக்காப்பகத்தின் எல்லை முகட்டில் மங்கலதேவி கோயில் சிதைந்து கிடக்கிறது. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டம் இதுவே எனப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அடையாளம் காட்டினார். மறுப்போரும் உளர். சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள் மட்டும் இரு மாநிலத்தாரும் வழிபட மலையேறுகின்றனர். நம் பயணம் அந்நாளில் அமையவில்லை.

செங்குட்டுவன் என்னும் பெயர் நம்மைப் பயணத்தின் இறுதிக் கட்டத்துக்கு இட்டுச் செல்கிறது. குட்டுவன் என்பது குட்ட நாட்டை ஆண்ட சேரர்க்குரிய பெயர். ஆலப்புழைக் காயல்களைச் சூழ்ந்த குட்டநாடு அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. 'சுட்ட நாடு' என்பதே குட்டநாடு ஆயிற்று என்று படகோட்டி ஒருவர் விளக்கினார். எரிந்த காட்டின் கரித்துண்டுகள் மண்ணில் கிடைப்பதையும் ராமங்கரி, கைனகரி போன்ற ஊர்ப்பெயர்களையும் சான்றாகக் காட்டினார். கதை நன்று, ஒலியியல் இடந்தராது. திராவிட மொழிகளில் ககரம் முன்னுயிரின் முன் சகரமாவது உண்டு. சகரம் உகரத்தின் முன் ககரமாவது இல்லை. 'குட்டம்' என்றால் பழந்தமிழில் ஆழம், குளம். கடல்மட்டத்துக்கும் கீழே இரண்டு மூன்று மீட்டர் வரை தாழ்ந்து கிடக்கும் வயல்களுக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேண்டுவதில்லை. காயலை வரம்பிட்டு நீரிறைத்து நெல் விளைவிக்கும் இம்முறையை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் உலக வேளாண் மரபுச் செல்வமாக ஏற்றது.

பழைய உரையாசிரியர்கள் செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு கொடுந்தமிழ் நாடுகளுள் குட்டத்தையும் வைத்தனர். அச்சொல்லைக் கேட்டவுடன் மாணவர் ஒருவர், "அப்படியென்றால் மலையாளம் கெட்டுப்போன தமிழா ஐயா?" என்றார். கொடுமரம் என்றால் வில். 'கொடு' என்பது வளைவைக் குறிக்குமேயன்றிக் கேட்டினைக் குறிக்காது என்று விளக்கினோம். வளைந்த கிளை தனி மரமாக வேரூன்றிப் பல நூற்றாண்டு ஆயிற்று. அது கொண்டுபோன சொற்கள் சில நம்மிடம் தேய்ந்தும் அங்கே செழித்தும் உள்ளன.

நாம் தங்கிய படகு வீடு 'கெட்டுவள்ளம்' வகையைச் சேர்ந்தது. பலகைகளை ஆணியின்றிக் கயிற்றுநாரால் கட்டிச் செய்யும் படகு. முன்பு நெல்லும் மிளகும் ஏற்றியது. மலையாளக் 'கெட்டு' நம் 'கட்டு' என்று சொன்னபின்னரே அந்த மாணவருக்கு அச்சம் தெளிந்தது. வள்ளமோ குமரி, தூத்துக்குடிக் கடற்கரையில் இன்றும் வழங்கும் தமிழ்ச்சொல். குறிப்பேட்டில் தமிழுக்கு ஒரு பத்தியும் மலையாளத்துக்கு ஒரு பத்தியும் கோடிட்டு வைத்திருந்த அவர், வள்ளத்தை எதில் எழுதுவது என்று கேட்டார். இரண்டிலும் எழுதச் சொன்னோம்.