அரண்மனைக்கும் கெட்டோவுக்கும் ஒரே அளவுகோல்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதியவர் யார் என்று நாம் எப்போதும் கேட்கிறோம். அந்த நகரத்தைச் சிறிதாக்கி மாதிரியாகச் செய்து வைத்தவர் யார் என்றும் கேட்கத்தான் வேண்டும். முசோலினி ஆட்சியில், 1937 கண்காட்சிக்காக, பழைய ரோம் நகரத்தை 1:250 அளவில் பிளாஸ்டரில் வடித்தார் இத்தாலோ கிஸ்மோந்தி. பேரரசுப் பெருமையைப் பறைசாற்றும் பொருள் அது. அதே ஆட்சிதான் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அணிவகுப்புச் சாலை போடுவதற்காக ரோமின் நடுவே இருந்த ஏழைகளின் வீடுகளை இடித்து, அவர்களை ஊர் ஓரத்துக்குத் துரத்தியது.

பிராக் நகர மாதிரியின் கதை வேறு. அதைச் செய்த அந்தோனின் லாங்வைலை எந்த அரசனும் ஏவவில்லை. அவர் பல்கலைக்கழக நூலகத்தில் கடைநிலை ஊழியர். 1826இல் பாரிஸ் நகரத்தின் மாதிரி ஒன்று பிராகில் காட்சிக்கு வந்தது. அதைப் பார்த்தவர், தம் ஊரையும் அப்படிச் செய்ய வேண்டும் என்று இறங்கிவிட்டார். வேலை முடிந்த நேரத்தில் வீடு வீடாக அளந்து, வரைந்து, அட்டையில் வெட்டி ஒட்டினார். அளவு 1:480. 1837இல் வறுமையில் இறக்கும்வரை அவர் செய்து முடித்தவை 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள். உடைந்த சன்னல், வீட்டு எண், முற்றத்து விறகுக் குவியல் எதையும் விடவில்லை.

நமக்கு முக்கியம், யூதர்களின் கெட்டோவும் அந்த அட்டையில் இருப்பதுதான். தீண்டப்படாதோர் குடியிருப்பைப் பற்றி எழுதும்போது அண்ணல் அம்பேத்கர் எடுத்தாண்ட சொல்லும் இதுவே.

லாங்வைல் அளந்து திரிந்த காலத்தில், ஒரு யூதக் குடும்பத்தில் ஒரு மகன் மட்டுமே சட்டப்படி மணம் முடிக்கலாம் என்ற 1726ஆம் ஆண்டு ஆணை இன்னும் உயிரோடு இருந்தது. வெளியே குடியேற முடியாது. எனவே இருக்கிற இடத்திலேயே மாடிமேல் மாடி, அறைக்குள் அறை, ஒடுங்கிய சந்துகள். ஆற்றங்கரைப் பள்ளம் என்பதால் வெள்ளமும் புகும். பள்ளத்தில் அடைத்து வைத்துவிட்டு, பிறகு 'அழுக்கு' என்று மூக்கைப் பொத்துவது நாம் அறியாத வித்தையா என்ன!

1848க்குப் பின் தடைகள் தளர்ந்தன. வசதி வந்தவர்கள் வெளியேற, யூத ஏழைகளும் பிற ஏழைகளும் அங்கே தங்கிப்போனார்கள். 1893இல் சுகாதாரத்தின் பெயரால் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வீடுகள் இடிக்கப்பட்டன. சில தொழுகைக்கூடங்கள், யூத நகரமன்றம், பழைய கல்லறைத் தோட்டம் ஆகியவை மட்டும் தப்பின. வீடுகள் இருந்த இடத்தில் இன்று ஓர் அகன்ற சாலை, இருபுறமும் பணக்காரர்களுக்கான கடைகள். சாலையின் பெயர் பாரிஸ் தெரு.

நினைவுச்சின்னங்கள் தப்பிவிடும், குடித்தனம் நடந்த வீடுகள்தாம் காணாமல் போகும். அந்த வீடுகள் சில, பிராக் நகர அருங்காட்சியகத்தில் லாங்வைலின் அட்டையில் நிற்கின்றன. கோட்டை அரண்மனைக்கு அவர் வைத்த அதே 1:480 அளவில்.