பின்கொடு: நிரலிலிருந்து பாதியில் வெளியேறும் கட்டளையின் வரலாறு

கணினி நிரலில் ஒரு செயற்கூறு தன் கடைசி வரி வரை போகாமல், இடையிலேயே விடையைக் கொடுத்துவிட்டு வெளியேறுவது முன்திரும்பல் எனப்படும். பெரும்பாலான நிரல்மொழிகளில் இதற்குரிய கட்டளை 'ரிட்டர்ன்'. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியில் இதே கட்டளைக்குப் 'பின்கொடு' என்று பெயர். நல்ல சொல். கொடு என்றதும் 'யாரிடம்?' என்ற கேள்வி தானே எழுகிறது. இக்கட்டளையின் வரலாற்றில் பெரும்பகுதி அந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

தொடக்கம்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு, துணைநிரலை அழைத்து மீளும் முறையை டேவிட் வீலர் வகுத்தார். எங்கிருந்து அழைக்கப்பட்டோம் என்பதைக் கொண்டு துணைநிரல் தன் இறுதிக் கட்டளையைத் தானே திருத்திக்கொள்ளும்; அந்தக் கட்டளை அழைத்த இடத்துக்கே கொண்டுபோய்விடும். வெளியேறும் வாயில் அன்று நினைவகத்தில் ஓரிடமாகவே இருந்தது.

1966இல் போம், ஜக்கோபினி ஆகிய இருவரும், வரிசை, நிபந்தனை, மடக்கு ஆகிய மூன்றைக் கொண்டே எந்த நிரலையும் அமைக்கலாம் என்று நிறுவினர். 1968இல் டைக்ஸ்ட்ரா 'கோடூ' கட்டளையின் தீங்கை எடுத்துக்காட்டிக் கடிதம் எழுதினார். இவற்றின் தொடர்ச்சியாக, செயற்கூறு ஒன்றுக்கு உள்ளே வர ஒரு வாயில், வெளியே போக ஒரு வாயில் என்ற விதி பரவியது. நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியில் ரிட்டர்ன் கட்டளையே கிடையாது. 1974இல் டொனால்ட் குனுத், இடையில் வெளியேறுவது சில இடங்களில் நிரலைத் தெளிவாக்கும் என்று விரிவாக வாதிட்டார்.

வாகன மென்பொருளுக்காகத் தோன்றிய மிஸ்ரா-சி நெறிமுறையில் இந்த விவாதத்தின் தடத்தை இன்றும் காணலாம். ஒரே வாயில் விதி அதன் 2004ஆம் ஆண்டுப் பதிப்பில் கட்டாயம். 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் அறிவுரை மட்டுமே. ஓசூர் முதல் குந்தாரப்பள்ளி வரை வாகனத் தொழிலை நம்பியிருக்கும் வட்டாரத்து மாணவர்கள் இந்த மாற்றத்தை அறிந்திருப்பது நல்லது.

வாயில்களின் எண்ணிக்கையைவிட, வெளியேறும்போது கையில் என்ன விடை இருக்கிறது என்பதே பெரிது. 2014 பிப்ரவரியில் வெளிப்பட்ட ஆப்பிள் பிழை இதற்குச் சான்று. பாதுகாப்பான இணைப்பின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதியில் 'கோடூ ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இருமுறை இடம்பெற்றிருந்தது. இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாதது. ஆகவே இறுதிச் சோதனை நடக்காமலே நிரல் வெளியேறியது. அப்போது விடையில் இருந்ததோ 'பிழை இல்லை' என்பதைக் குறிக்கும் சுழியம். போலித் தளம்கூட உண்மையானதாக ஏற்கப்படும் நிலை உருவானது.

தொகுதிக்குள் வந்த குழப்பம்

ஒரு செயற்கூற்றிடம் இன்னொரு சிறு நிரல்தொகுதியை ஒப்படைத்து, வேண்டியபோது அழைக்கச் சொல்வது பின்னழைப்பு, அதாவது கால்பேக். இங்கே 'யாரிடம்?' என்ற கேள்வி உண்மையாகவே சிக்கலாகிறது.

குந்தாரப்பள்ளி வாரச்சந்தைக்கு வந்த ஆடுகளின் பட்டியல் ஒன்று நிரலில் இருப்பதாகக் கொள்வோம். 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள முதல் ஆட்டைக் கண்டதும் அதன் எண்ணைக் கொடுத்துவிட்டு நிறுத்த வேண்டும். ஒவ்வோர் ஆட்டையும் பார்க்கும் தொகுதிக்குள் மாணவர் ரிட்டர்ன் எழுதுகிறார். ரூபி மொழியின் 'ஈச்' தொகுதியில் எழுதினால் அதைச் சூழ்ந்த செயற்கூறு முழுவதும் முடிந்து எண் கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்டின் 'ஃபார்ஈச்' பின்னழைப்பில் எழுதினால் அந்த ஓர் ஆட்டின் முறை மட்டும் முடியும். அடுத்த ஆடு வந்து நிற்கும், கொடுத்த எண் யாரிடமும் போய்ச் சேராது. பிழைச்செய்தியும் வராது. அங்கே 'ஃபைண்ட்' அல்லது சாதாரண மடக்கைப் பயன்படுத்த வேண்டும்.

ரூபியின் வழக்கம் ஸ்மால்டாக்கிலிருந்து வந்தது. தொகுதியைச் சேமித்து வைத்து, அது பிறந்த செயற்கூறு முடிந்தபின் இயக்கினால், திரும்பிப் போக வீடே இருக்காது. ரூபி அதை 'லோக்கல்ஜம்ப்எரர்' என்ற பிழையாக அறிவிக்கும். இதே தொகுதியை 'லாம்டா'வாக எழுதினால் ரிட்டர்ன் அதைவிட்டு மட்டும் வெளியேறும். கோட்லின் மொழி, எதைவிட்டு வெளியேறுகிறோம் என்று பெயர் சொல்லும் வசதியைத் தந்தது. இவற்றுள் படிப்பவருக்கு மிகவும் உதவுவது கோட்லின் வழியே.

2009இல் வந்த நோட் ஜேஎஸ் சூழலில் நேரெதிரான தவறு பெருகியது. பிழை நேர்ந்ததும் பின்னழைப்பை அழைத்துவிட்டு, ரிட்டர்ன் எழுத மறப்பார்கள். நிரல் கீழே ஓடிப் பின்னழைப்பை மறுபடியும் அழைக்கும். ஒரே கட்டணத்துக்குத் தோல்விச் செய்தியும் வெற்றிச் செய்தியும் போவது இப்படித்தான். பின்னழைப்பை ரிட்டர்ன் வரியிலேயே அழைக்கும் பழக்கம் அதற்கான மருந்தாக வந்தது.

திறந்ததை மூடுதல்

பாதியில் போகிறவர் திறந்த கோப்பை மூடாமல் போய்விடலாம். லிஸ்ப் மொழியின் 'அன்வைண்ட்-புரொடெக்ட்', ஜாவாவின் 'ஃபைனலி', ரூபியின் 'என்ஷூர்', கோ மொழியின் 'டிஃபர்' ஆகிய அனைத்தும் எந்த வழியில் வெளியேறினாலும் மூடும் வேலை நடக்கும் என்று உறுதி தருபவை. ஃபைனலிக்குள்ளேயே ரிட்டர்ன் எழுதினால் மட்டும் ஆபத்து: மேலே எழுந்த பிழை விழுங்கப்பட்டுவிடும். 2025இல் வெளியான பைத்தான் 3.14 இதற்கு எச்சரிக்கை தருகிறது.

தரவுத்தளப் பரிவர்த்தனையில் மூடுவது மட்டும் போதாது. நடந்ததை ஏற்பதா, அழிப்பதா என்றும் முடிவுசெய்ய வேண்டும். ஒரு கணக்கில் பணம் கழிந்து, மறு கணக்கில் சேரும் முன் ரிட்டர்ன் வந்தால் அது வெற்றியா, தோல்வியா? ரூபி ஆன் ரெயில்ஸ் நெடுங்காலம் அதை வெற்றியாகக் கொண்டு பதிவுசெய்து வந்தது. ஆனால் ரூபியின் 'டைம்அவுட்' வசதியும் அதே போன்ற தாவலால் வெளியேறியதால், நேரம் தீர்ந்து அறுபட்ட பரிவர்த்தனைகளும் அரைகுறையாகப் பதிவாகும் அபாயம் இருந்தது. 2020இல் வந்த 6.1 பதிப்பு இவ்வகை வெளியேற்றத்தை எச்சரித்தது. 2021இல் வந்த 7.0 அனைத்தையும் அழித்துப் பழைய நிலைக்குத் திருப்பியது. பின்னர் டைம்அவுட் திருத்தப்பட்டதும், 2023இல் வந்த 7.1 புதிய செயலிகளில் பழையபடி பதிவுசெய்யும் முறைக்கே மீண்டது.

ஆகவே ஒரே நிரல், பதிப்பைப் பொறுத்துப் பணத்தைக் கழிக்கவும் கூடும், கழிக்காமல் விடவும் கூடும். பரிவர்த்தனைக்குள் நடந்ததை அழிக்க நினைப்பவர் ரிட்டர்னை நம்பாமல் 'ரோல்பேக்' பிழையை 'ரெய்ஸ்' கட்டளையால் எழுப்பினால், மூன்று பதிப்புகளிலும் பணம் முதல் கணக்கிலேயே இருக்கும்.