நீர்காக்கும் உத்தியோகங்கள்: வட்டை விதானை முதல் பொறியியலாளர் வரை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகிய மறுநாட் காலையில், ஒரு தந்தையார் தம் மகனையும் அழைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். அவர் கமக்காரர், இரணைமடுக் குளத்தின் கீழே வயல் செய்பவர். மகன் கணிதப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருந்தான். ஆயினும் பொறியியற் பீடத்துக்கு வேண்டிய புள்ளி அவனுக்குக் கிடைக்கவில்லை. "ஐயா, இவன் எஞ்சினியராய் வருவான் எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டன். இனி இவனுக்கு வேறை என்ன வழி?" என்று கேட்டார். பையன் தலை நிமிரவில்லை.

உத்தியோகம் புருஷலட்சணம் என்று சொல்லி வளர்ந்த சமுதாயம் நம்முடையது. உத்தியோகத்திலும் உச்சிப்படி ஒன்றையே நாம் பார்க்கின்றோம். அதற்குக் கீழேயுள்ள படிகள் நம் கண்ணிற் படுவதில்லை. அந்தத் தந்தையாருக்கு நான் அன்று சுருக்கமாகச் சொன்ன விடையை இன்று சிறிது விரித்துச் சொல்ல விரும்புகின்றேன். நம் நாட்டில் நீரைத் தேக்கவும் பகிரவும் காக்கவும் ஏற்பட்ட உத்தியோகங்களின் வரலாறே அவ்விடை.

இலங்கையின் உலர்வலயத்தில் மழை ஆண்டு முழுவதும் பெய்வதில்லை. மாரியிற் சில மாதங்களே அது கொட்டித் தீர்க்கும். அந்நீரைத் தேக்கி வைத்தாலன்றி அங்கே மனிதர் வாழ இயலாது. ஆகவே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு குளங்கள் எழுந்தன. குளம் எழுந்த இடத்திலெல்லாம் அதனைக் காப்பவன் ஒருவனும் தேவைப்பட்டான். மட்டக்களப்புப் பகுதியில் அவனை வட்டை விதானை என்பர்; சிங்கள ஊர்களில் வெல்விதானை என்பர். எந்நாளில் துருசைத் திறப்பது, எந்த வாய்க்காலுக்கு முதலில் நீர் விடுவது, மாரிக்கு முன் குளக்கட்டின் எப்பகுதியை எவர் மண்ணிட்டு உயர்த்துவது என்பவற்றையெல்லாம் கவனிப்பது அவன் பொறுப்பு. விளைச்சலில் ஒரு பங்கே அவன் ஊதியம். அவன் பட்டமோ பத்திரமோ பெற்றவனல்லன். ஆயினும் குளக்கட்டின் அடியிற் கசியும் நீர் தெளிந்திருக்கிறதா கலங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆபத்தை அறியும் கண் அவனுக்கு இருந்தது. தெளிந்த கசிவைச் சிறிது பொறுத்துப் பார்க்கலாம். கலங்கிய கசிவோ கட்டின் உள்ளேயிருக்கும் மண்ணை அரித்துக்கொண்டு வருகின்றது. இன்றைய பொறியியல் நூல்களும் இதனையே கூறுகின்றன.

பழைய காலத்தில் இத்துறையில் அநுபவ அறிவு மாத்திரமே இருந்ததென்று எண்ணுதல் தவறு. ஆழ்ந்த நுட்ப அறிவும் இருந்தது. பெருங்குளங்களின் அணைக்குள்ளே கற்பலகைகளாற் சதுரமாகக் கட்டிய கிணறு போன்ற அமைப்பு ஒன்று உண்டு. சிங்களத்தில் அதனைப் பிசோகொட்டுவ என்பர். ஆழமான குளத்திலிருந்து பாய்ந்து வரும் நீரின் வேகத்தைத் தணித்து, வெளியேறும் அளவைக் கட்டுப்படுத்த அது உதவிற்று. 1873 முதல் 1904 வரை இலங்கையின் நீர்ப்பாசன வேலைகளிற் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேயர், தற்காலத்து நீர்த்தேக்கங்களிலுள்ள கட்டுப்பாட்டுக் கிணறுகளுக்கு இதுவே முன்னோடி என்று கருதினார். தாம் பழுதுபார்க்க வந்த குளங்களிடமே பாடங்கேட்ட அவர், 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலே பண்டை நீர்ப்பாசன வேலைகளை விரிவாக ஆராய்ந்தார்.

பிரித்தானியர் இந்நாட்டைக் கைப்பற்றிய காலத்திற் பெருங்குளங்கள் பல உடைந்து காடு மண்டிக் கிடந்தன. முதல் அரை நூற்றாண்டில் அவர்கள் நாட்டம் தெருக்களிலும் கோப்பித் தோட்டங்களிலும் சென்றதேயன்றிக் குளங்களிற் செல்லவில்லை. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்திலே, 1856ஆம் ஆண்டில், நெற்காணிகளின் நீர்ப்பாசனம் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது. குளம் பேணுவதில் ஊராரிடையே நிலவிய பழைய வழக்கங்களுக்கு அது மீண்டும் சட்டவலு அளித்தது. பின்னர் 1880களிலே கலாவாவி புதுப்பிக்கப்பட்டது. அதுவரை பொதுவேலைப் பகுதியின் ஒரு கிளையாக இருந்துவந்த நீர்ப்பாசனம், 1900ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி தனித் திணைக்களமாயிற்று. அத்திணைக்களத்தின் தொடக்க கால வேலைகளில் ஒன்றே, கனகராயன் ஆற்றை மறித்து எழுந்த நம் இரணைமடுக் குளம்.

தனித் திணைக்களம் ஏற்பட்டதும் உத்தியோகப் படிகளும் ஏற்பட்டன. உச்சியிற் பணிப்பாளரும் பொறியியலாளரும் இருந்தனர். அவர்களுக்குக் கீழே மேற்பார்வையாளர், நில அளவையாளர், படவரைஞர், ஓவசியர் என்போர் இருந்தனர். அடியிலே துருசுக் காவலாளரும் கூலியாட்களும் இருந்தனர். உச்சிப் படிகள் நெடுங்காலம் ஐரோப்பியருக்கே உரியனவாயிருந்தன. சுதேசிகளுக்கு எட்டியது பெரும்பாலும் ஓவசியர் படியே. இக்குறை தீர வழிசெய்த நிறுவனங்களில் முதன்மையானது, 1893ஆம் ஆண்டிலே கொழும்பு மருதானையில் தொடங்கிய அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலையாகும்.

அப்பாடசாலையிற் பயின்றவர்களுள் டி. ஜே. விமலசுரேந்திர என்பவரை இங்கே குறிப்பிடல் வேண்டும். பொதுவேலைப் பகுதியிற் கீழ்ப்படியொன்றிற் சேர்ந்த அவர், தம் முயற்சியினாற் படிப்படியாகப் பொறியியலாளராக உயர்ந்தார். மலைநாட்டு அருவிகளின் நீர்வலுவைக் கொண்டு நாட்டுக்கு மின்சாரம் தரலாம் என்று 1918ஆம் ஆண்டிலே இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் ஆராய்ச்சியுரை ஒன்றைச் சமர்ப்பித்தார். அதை நம்பியவர் அன்று மிகச் சிலரே. இலக்சபானாத் திட்டத்தின் முதற் கட்டம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியபோது அவர் முதியவராயிருந்தார். மூன்று ஆண்டுகளின் பின் அவர் மறைந்தார். இன்று அவர் பெயராலேயே ஒரு மின்நிலையம் விளங்குகின்றது.

குளங்களின் வரலாற்றை நாடறியச் செய்தவரும் பொறியியலாளர் அல்லர். ஆர். எல். புரோகியர் நில அளவைத் திணைக்களத்து உத்தியோகத்தர். காடுகளினூடே சங்கிலியும் மட்டக்கருவியும் கொண்டு நடந்த அந்நாட்களிலே, அழிந்த அணைகளையும் மறைந்த வாய்க்கால்களையும் அவர் குறித்து வைத்தார். அதன் பயனாக 1934, 1935ஆம் ஆண்டுகளிற் பண்டை நீர்ப்பாசன வேலைகள் பற்றிய அவருடைய நூல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. பிற்காலத்துத் திட்டங்களை வகுத்தவர்களுக்கு அது பேருதவியாயிற்று.

இதுவரை கூறியது வயலுக்கும் ஆலைக்கும் நீர் தந்தவர்களின் கதை. நகரத்தவர் தாகம் தீர்த்தவர்களின் கதை வேறு. கொழும்பு மக்கள் நெடுங்காலம் கிணற்று நீரையே நம்பியிருந்தனர். சனம் பெருகியபோது கிணறுகள் மாசடைந்து நோய் பரவிற்று. ஆகவே இலபுகமை என்னுமிடத்தில் மலையடிவாரத்தில் நீரைத் தேக்கி, இரும்புக் குழாய்களாற் கொழும்புக்குக் கொண்டுவந்தனர். 1886ஆம் ஆண்டில் அந்நீர் நகருக்குக் கிடைத்தது. குழாய் வந்ததும், முன்னர் இந்நாடு அறியாத தொழில்கள் பல உடன் வந்தன. குழாய் பொருத்துபவர் வேண்டும். பம்பியை இயக்குபவர் வேண்டும். வடிகட்டும் படுகையைக் கழுவுபவர் வேண்டும். மானியைப் பார்த்து எழுதுபவர் வேண்டும். நீரிற் கிருமியுண்டா என்று நாள்தோறும் சோதிக்கும் இரசாயனவியலாளரும் வேண்டும். இவ்வேலைகளுள் ஒன்று தவறினாலும் நகரத்துப் பிள்ளைகள் நோயிற் படுப்பர். பொதுவேலைப் பகுதியின் கிளையாகத் தொடங்கிய இக்குடிநீர்ப் பணி, 1965இல் உள்ளூராட்சி அமைச்சின் பிரிவாகியது. 1970 முதல் தனித் திணைக்களமாக இயங்கியது. 1975ஆம் ஆண்டு சனவரியிலே தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையாக மலர்ந்தது.

பொறியியற் கல்வியும் இதற்கிடையில் வளர்ந்தது. 1950ஆம் ஆண்டிலே பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேரா தலைமையில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கொழும்பில் தொடங்கியது. 1964இல் அது பேராதனைக்குச் சென்றது. கட்டுபெத்தையில் 1960இல் தோன்றிய செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவகம், 1966இல் தொழில்நுட்பக் கல்லூரியாகிப் பின் 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. நம் பகுதியிலே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014ஆம் ஆண்டு முதல் கிளிநொச்சி அறிவியல் நகரிற் கற்பித்து வருகின்றது. இரணைமடு வான் பாயும்போது பார்க்கச் செல்லும் பிள்ளைகள், அப்பீடத்தின் வாயிலையும் பார்த்துத் திரும்பக்கூடிய காலம் இது.

உச்சிப்படியில் நின்று நாட்டை நினைத்தவர்களும் உளர். நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் அத்தகையவர். ஆறில்லாத யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு அமைப்போம் என்று 1954ஆம் ஆண்டில் அவர் திட்டம் ஒன்றை முன்வைத்தார். கனகராயன் ஆறு கொண்டுவரும் மாரிவெள்ளம் கடலிற் கலவாதவாறு ஆனையிறவுக் கடனீரேரியை மறித்து நன்னீராக்குதல்; அங்கிருந்து வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடனீரேரிக்கும் உப்பாற்றுக்கும் அந்நீரைக் கொண்டுசெல்லுதல்; அவ்வழியே குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லினுள் நிற்கும் நன்னீரைப் பெருக்குதல் என்பன அதன் சாரம். சில பகுதிகள் செய்யப்பட்டன, முழுமை பெறவில்லை. 2024ஆம் ஆண்டிலே தாளையடியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. மாரிதோறும் கடலுக்கு விடுகின்ற நன்னீரை எண்ணும்போது, ஆறுமுகத்தாரின் வரைபடம் இன்னும் நம்மிடம் விடை கேட்டு நிற்கின்றதென்றே எனக்குத் தோன்றுகின்றது.

அன்பர்களே, கல்வியும் பதவிகளும் பெருகிய இக்கதையில் ஓர் இழப்பும் உண்டு. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு விதானைப் பதவி ஒழிந்தது. அதன் இடத்திற் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தன. பழைய விதானைமாரிடையே அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியவர்களும் இருந்தனர். ஆகவே மாற்றம் நியாயமானதே. ஆனால் அப்பதவியோடு சேர்ந்து, நாள்தோறும் குளக்கட்டில் நடக்கும் ஒருவருடைய கண்ணுக்கு நாம் அளித்த மதிப்பும் குறைந்தது. அலுவலகம் தூரத்தே சென்றது. கட்டு தனியே நின்றது.

குளக்கட்டு உடைந்தால் என்ன நேரும் என்பதை 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் திகதி அதிகாலை நாடு கண்டது. குளக்கோட்டன் கட்டினான் என்று திருகோணமலை மக்கள் வழிவழியாகக் கூறும் கந்தளாய்க் குளம் அன்று உடைந்தது. உறக்கத்திற் கிடந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன. மண் அணை முன்னறிவிப்பின்றி உடைவது அரிது. கசிவு, ஈரம், தாழ்வு, வெடிப்பு என அது தன் மொழியிற் பேசும். அம்மொழியை முதலிற் கேட்பவர் தலைநகரில் இருக்கும் பணிப்பாளர் அல்லர். கட்டில் நடக்கும் காவலாளரும் ஓவசியருமே. அவர்கள் கேட்டதை மேலே சொல்லும் துணிவு வேண்டும். மேலே இருப்பவர் அதனை மதித்துச் செவிகொடுக்கும் பண்பு வேண்டும். இவ்விரண்டும் சேராத இடத்தில் எத்துணைப் பெரிய பொறியியலறிவும் பயன்படாது.

இனி, என் அலுவலகத்தில் தலைகுனிந்து நின்ற பையனிடம் வருவோம். பொறியியற் பீடம் தவறினால் நீர்த்துறை மூடிவிடவில்லை என்று அவனுக்குச் சொன்னேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப நிறுவகத்திலே தேசிய டிப்ளோமா உண்டு. தொழில்நுட்பக் கல்லூரிகளிலே குடிசார் பொறியியல், அளவையியல், குழாய்ப் பொருத்தல் ஆகிய பயிற்சிகள் உண்டு. கல்கமுவையிலே நீர்ப்பாசனத் திணைக்களம் தனக்கென ஒரு பயிற்சி நிறுவகம் நடத்துகின்றது. தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்த ஒருவர், 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்திற் பதிந்து, வேலை செய்துகொண்டே பொறியியற் பட்டம் பெறவும் வழியுண்டு. 2013 முதல் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவும் இருப்பதனால், அடுத்துவரும் மாணவருக்கு வாயில்கள் இன்னும் அதிகம். பெண்பிள்ளைகளுக்கும் இவை திறந்தேயிருக்கின்றன. நீர்ச் சோதனைக் கூடத்திலோ மட்டக்கருவியின் பின்னாலோ நிற்பதற்கு ஆண்மகனாய்ப் பிறக்க வேண்டியதில்லை.

தந்தையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "எங்கடை வாய்க்காலுக்குத் தண்ணி விடுற ரீ.ஓ. மாதிரியே ஐயா?" என்று கேட்டார். "ஆம். அவர் ஒரு கிழமை வராவிட்டால் உங்கள் சிறுபோகம் என்னவாகும்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் மெல்லச் சிரித்தார். அப்பொழுதுதான் பையன் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தான்.

அவன் இப்பொழுது டிப்ளோமா வகுப்பிற் படிக்கின்றான். பொறியியலாளராக வருவானோ, தொழில்நுட்ப உத்தியோகத்தராகவே நிற்பானோ, நான் அறியேன். எப்படியிலே நின்றாலும், குளக்கட்டில் நடக்கும்போது கசிகின்ற நீர் தெளிந்திருக்கிறதா கலங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவனாக அவன் இருப்பானாயின் அதுவே போதும். கட்டின் கீழே உறங்கும் ஊர்களுக்கு வேண்டிய கண் அதுதான்.